மேய்ச்சலை நிறுத்திக் கட்டுத்தரையிலேயே தீவனம்: கொரங்காட்டை உழலாமா?

மூலனூர்க்காரன்:

வணக்கம். எங்களுக்கு நாலரை ஏக்கர் கொரங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கிறது. வீட்டை ஒட்டிக் கிணற்றுப் பாசனத்தில் ஓர் ஏக்கர். ஐந்து ஜெர்சி கலப்புக் கறவைகள், இரண்டு காங்கயம் பசுக்கள், கிடாரிகள், கன்றுகள். காலையில் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியதும் எல்லாவற்றையும் காட்டுக்கு ஓட்டிவிடுவோம். சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிடும்.

காடு வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நடுவில் உள்ள தார்ச்சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். லாரிகள் ஓயாமல் போகின்றன. ஓட்டிப்போக ஆள் கிடைப்பதில்லை. சித்திரை, வைகாசியில் ஜெர்சிகள் மேயாமல் மூச்சிரைத்துக்கொண்டு வேலமரத்தடியிலேயே நிற்கின்றன. அந்த மாதங்களில் பால் சரிபாதியாகிவிடுகிறது.

என் யோசனை இதுதான். மேய்ச்சலை அடியோடு நிறுத்திவிடுவது. கொரங்காட்டில் இரண்டு ஏக்கரை உழுது, ஆழ்துளைக் கிணறு போட்டு, கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப் புல் நடுவது. கடன் வாங்கிப் பத்து மாட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்ட கொட்டில் கட்டுவது. அப்பா இதைக் கேட்டதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டி வைத்தே வளர்ப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். யூடியூபில் எல்லோருமே லாபம் என்கிறார்கள்.

கொட்டில்காரி:

ராசிபுரம் பக்கம் நாங்கள். எங்களுக்குக் கொரங்காடும் இல்லை, புறம்போக்கும் இல்லை. இருந்த மந்தைவெளியில் பாதி வீட்டு மனையாகிவிட்டது, மீதியில் சீமைக்கருவேலம். ஆகவே நான் ஆசைப்பட்டுக் கட்டி வளர்க்கவில்லை. வேறு வழியில்லாமல் தொடங்கினேன். இப்போது மேய்ச்சலுக்குத் திரும்புவாயா என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

நல்லதைச் சொல்கிறேன். எந்த மாடு எவ்வளவு தின்கிறது, எது தீவனத்தை ஒதுக்குகிறது, எதற்குச் சாணம் இளகிப்போகிறது என்று அன்றன்றைக்கே தெரிகிறது. பால் அளவு பருவத்துக்குப் பருவம் பெரிதாக ஆடுவதில்லை. பக்கத்துக் காட்டில் வாய் வைத்துவிட்டது என்று யாரும் வாசலில் வந்து கத்துவதில்லை. எங்கள் பக்கம் மரவள்ளி அதிகம். மேயப் போன மாடு மரவள்ளி இலையைத் தின்றுவிட்டு வயிறு உப்பி விழுவது புதிதல்ல. அந்தப் பயமும் போயிற்று.

கெட்டதையும் கேளுங்கள். மாடு தன் வாயால் செய்துகொண்டிருந்த வேலையை இனி நீங்கள் கையால் செய்ய வேண்டும். புல் அறுப்பது, சுமப்பது, நறுக்குவது, போடுவது, தின்னாமல் விட்ட தண்டை அள்ளுவது, சாணி வழிப்பது, தண்ணீர் காட்டுவது. கோ-4 தாளின் ஓரம் ரம்பம். அதன் சுணை பட்டால் கை முழுக்க அரிக்கும். வெயிலானாலும் மழையானாலும் என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் புல் அறுக்கிறேன். ‘ஆள் இல்லை, அதனால் கட்டி வளர்க்கிறேன்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓட்டிப்போக ஆள் இல்லாத வீட்டில் அறுத்துப்போட யார் இருக்கிறார்கள், தம்பி?

கிளுவைவேலி:

உழப் போகிறாராம், கொரங்காட்டை!

தம்பி, அது சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்துவிட்டீர்களா? சுற்றிலும் உயிர்வேலியாகக் கிளுவை, உள்ளே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குக் கொரங்காடு என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் தை, மாசி வரைக்கும் புல் நிற்கும். அது காய்ந்து கருகும் நேரத்துக்கு வேலமரம் நெற்றை உதிர்க்கும். பங்குனிக்குப் பிறகு மாடும் செம்மறியும் அந்த நெற்றைத் தேடித்தான் மரம் மரமாக அலைகின்றன. தண்ணீர் கட்டாமல், உரம் போடாமல், விதை வாங்காமல் இத்தனை தலைமுறைக்குத் தீனி கொடுத்த இடம் அது. நம் பக்கத்து மழைக்கு வேறெந்தப் பயிர் இப்படி நிற்கும், சொல்லுங்கள்.

ஒருமுறை உழுதுவிட்டால் கொழுக்கட்டைப் புல்லின் தூர் போயிற்று. விதை தூவிவிட்டால் வந்துவிடும் என்பார்கள். விதை முளைக்கும்; தூர் கட்டி, காடாகி, மாட்டின் வாய்க்கும் காலுக்கும் தாங்கி நிற்பதற்குப் பல மழைக்காலம் வேண்டும். இத்தனையும் எதற்கு? எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்றே தெரியாத ஆழ்துளைக் கிணற்றை நம்பி, பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கேட்கும் புல்லை நடுவதற்கு.

உங்கள் அப்பா பேசாமல் இருக்கிறாரே, அவர் பொறுமைசாலி.

கணக்கர்:

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு அதன் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் உலர் பொருள் வேண்டும். அதாவது 12 கிலோ. இதில் மூன்றில் இரண்டு பங்கு புல், தட்டு, வைக்கோல் வழியாகவும், மீதி அடர்தீவனம் வழியாகவும் போக வேண்டும். நடைமுறையில் 25 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ சோளத்தட்டு, பாலுக்குத் தக்க தீவனம் என்று வரும்.

ஐந்து மாட்டுக்கு நாளொன்றுக்கு 125 கிலோ பசும்புல். ஆண்டுக்கு 45 டன்னைத் தாண்டும். கோ-4 ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் கொடுக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. ஏக்கருக்கு மாற்றினால் 150 டன்னுக்கு மேல். நம் மண், நம் தண்ணீர், நம் சோம்பல் எல்லாவற்றையும் கழித்து அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 60 சென்ட் போதும். முதல் அறுப்பு எழுபத்தைந்து, எண்பது நாளில்; அதன் பிறகு 45 நாளுக்கு ஒன்று. 60 சென்டை 45 பாத்தியாகப் பிரித்து நாளுக்கொரு பாத்தி அறுத்தால் கடைசிப் பாத்தியை முடிக்கும்போது முதல் பாத்தி தயார்.

இந்த 60 சென்ட் உங்கள் கிணற்றுப் பாசன ஏக்கருக்குள்ளேயே அடங்குகிறது. பிறகு கொரங்காட்டை எதற்காக உழ வேண்டும்? ஆழ்துளைக் கிணறு எதற்கு? கேட்டதற்குப் பதிலாக நானும் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்.

மூலனூர்க்காரன்:

கணக்கர் அண்ணா, பத்து மாட்டுக்குக் கணக்குப் போட்டதால்தான் இரண்டு ஏக்கர் என்றேன். வங்கியில் கடனுக்குக் கேட்டபோதும் பத்து மாட்டுத் திட்டம் என்றால் எளிது என்றார்கள்.

கொட்டில்காரி அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. கட்டி வைத்தால் மாடு அலையாததால் பால் கூடும் என்கிறார்களே, அது உண்மையா?

கொட்டில்காரி:

அலைச்சல் மிச்சமானால் அந்தத் தெம்பில் கொஞ்சம் பாலாகும், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் பால் கூடியதற்குக் காரணம் கட்டி வைத்ததல்ல, நிறுத்தாமல் போட்ட தீனி. வேளைக்குப் பசும்புல்லும் எந்நேரமும் தண்ணீரும் கிடைத்தால் மேய்கிற மாடும் கறக்கும். கட்டிப்போட்டு வைக்கோலும் கழுநீரும் மட்டும் காட்டுபவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அந்த மாடுகளின் விலாவை எண்ணிவிடலாம்.

வெண்மடி (கால்நடை மருத்துவர், பணி ஓய்வு):

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் இனத்தைப் பிரித்துப் பாருங்கள். காங்கயமும் ஜெர்சி கலப்பும் ஒரே காட்டில் நிற்பதால் ஒரே பிராணி ஆகிவிடாது. காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். பால் இரண்டு, மூன்று லிட்டர். அது கன்றுக்கும் வீட்டுக்கும் போதும். வெயிலில் நடந்து, காய்ந்த புல்லைக் கடித்து, நெற்றைப் பொறுக்கித் தேறும். ஜெர்சி கலப்பு பத்து லிட்டர் கறக்கிறதென்றால் அவ்வளவு தீனியும் அதன் வயிற்றில் வேகும்போது உடம்பிலிருந்து சூடு கிளம்பும். மேலே சித்திரை வெயில். அது வேலமரத்தடியில் நிற்பது சோம்பல் அல்ல. தின்றால் உடம்பு இன்னும் சூடாகும் என்பதால் தீனியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே ஜெர்சிகளை வெயில் நேரத்தில் நிழலில் வைத்துத் தீனி போட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. காங்கயங்களையும் கிடாரிகளையும் பால் வற்றிய மாடுகளையும் கட்டிப்போட வேண்டும் என்பதற்குத்தான் எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்தது கான்கிரீட். நான் பணியில் இருந்தபோது பார்த்த நொண்டி மாடுகளில் பெரும்பாலானவை மேய்ந்து வந்தவை அல்ல. மேயும் மாட்டின் குளம்பு நடையிலேயே தேய்ந்து அளவாகிவிடும். கட்டிய மாட்டின் குளம்பு செருப்பின் முனைபோல வளைந்து வளரும். அதைச் சீவிவிட ஊரில் ஆள் கிடையாது. எந்நேரமும் சாணியும் மூத்திரமும் ஊறிய சொரசொரப்பான தளத்தில் நின்றால் குளம்படி புண்ணாகும். வழுவழுப்பான தளமென்றால் சினை மாடு வழுக்கி விழும். ரப்பர் விரிப்புப் போடுங்கள் என்பார்கள். போடலாம், அதன் அடியில் தேங்குவதை வாரந்தோறும் தூக்கிக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, பலரும் பேசாமல் விடுவது: சினைப்பருவம். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி முக்கால் நாளுக்கு மேல் நிற்பது அரிது. வெளியே கூட்டமாகத் திரியும் மாடுகளில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைச் சாலையில் போகிறவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான். தும்பில் கட்டிய மாடு எதன்மேல் தாவும்? பல மாடுகள் கத்தாது, தீனியைக் குறைக்காது, அப்படியே பருவம் கடந்துவிடும். அதிகாலையில் மாடு படுத்திருக்கும்போது வாலடியில் கண்ணாடிபோல் வழும்பு தொங்குகிறதா என்று நீங்கள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காலையில் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஒன்றைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண். ‘ஊசி போட்டும் நிற்கவில்லை’ என்று வருபவர்களில் பலருக்கு ஊசியில் பழுதில்லை. பார்த்த நேரத்தில்தான் பழுது.

நான்காவது, நீங்கள் ஆசைப்படும் கோ-4. அருமையான புல்தான், ஆனால் அது மட்டுமே தீனியாகிவிடக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறையக் கறக்கும் மாட்டுக்குத் தாது உப்பு இல்லாமல் இதையே மாதக்கணக்கில் போட்டால் கன்று போட்ட மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கழுத்தை மடக்கிப் படுத்துக்கொள்ளும். நரம்பில் கால்சியம் ஏற்றித்தான் எழுப்ப வேண்டும். முக்கால் பங்கு புல், கால் பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் என்று கலந்து போடுங்கள். அகத்தி, கிளைரிசிடியா இருந்தால் அதுவும் நல்லது. புல்லை முற்றவிடாதீர்கள். ஆளுயரம் தாண்டிய தண்டை இயந்திரத்தில் நறுக்கிப் போட்டாலும் மாடு தாளை மட்டும் பொறுக்கிக்கொண்டு கட்டைத்துண்டுகளைத் தொட்டியின் மூலையில் ஒதுக்கிவிடும். காலையில் தொட்டியில் கையை விட்டு, என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

சோளம் அறுத்துப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூக்காத இளம் சோளத்தை, அதிலும் மழையில்லாமல் வாடி நிற்பதை, அறுத்துப் போடாதீர்கள். மேய்ந்து சாவதும் அதனால்தான், கொட்டிலில் போட்டுச் சாவதும் அதனால்தான். அதிலுள்ள சயனைடு நஞ்சுக்கு ஊசி இருக்கிறது. நாங்கள் வந்து சேரும் வரை மாடு இருப்பதில்லை.

மூலனூர்க்காரன்:

டாக்டர் ஐயா, மிகவும் நன்றி. நோய் விஷயத்தில் கட்டி வளர்ப்பது பாதுகாப்பு என்று நினைத்தேன். 2022-இல் தோல் கழலை நோய் வந்தபோது எங்கள் ஊரில் மேயும் மாடுகள்தான் அதிகம் படுத்தன.

வெண்மடி (கால்நடை மருத்துவர், பணி ஓய்வு):

தோல் கழலையைப் பரப்புவது ஈ, கொசு, உண்ணி போன்ற கடிக்கும் பூச்சிகள். அவை கொட்டிலுக்குள் வராமல் நின்றுவிடுமா? சாணி தேங்கிய கொட்டில்தான் ஈக்குப் பிறந்த வீடு. கோமாரிக்குக் கட்டினாலும் தடுப்பூசி, மேய்த்தாலும் தடுப்பூசி. உண்ணியைப் பொறுத்தவரை கட்டி வளர்ப்பதில் ஆதாயம் உண்டு. கென்யாவின் மலைப்பகுதிகளில் சிறு விவசாயிகள் நேப்பியர் புல்லை அறுத்துக் கொண்டுவந்து போட்டே கறவை மாடு வளர்க்கிறார்கள். நிலம் துண்டு துண்டாகிப்போனது ஒரு காரணம். மேய்ச்சலில் உண்ணி ஏறிக் கொண்டுவரும் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் இன்னொரு காரணம். ஆனால் நம் கொட்டில்களில் உண்ணி சுவர் வெடிப்பில் முட்டையிடுவதை நானே சுரண்டிக் காட்டியிருக்கிறேன். வெடிப்பைப் பூசுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள்.

மடிநோயை மட்டும் மறக்காதீர்கள். கறந்து முடித்ததும் காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி நேரமாவது மாடு படுக்கக் கூடாது. மேயப் போகும் மாடு தானாக நடந்து போய்விடும். கட்டிய மாடு சாணியிலேயே படுக்கும். கறந்த கையோடு தொட்டியில் புல்லைப் போட்டு நிற்க வையுங்கள்.

இயற்கைவழி:

நாட்டு மாட்டுப் பால்தான் ஏ2. ஜெர்சி மாடே அல்ல, அது பன்றியின் கலப்பு. ஜெர்சிப் பாலைக் குடிப்பதால்தான் ஊரெல்லாம் சர்க்கரை நோய்...

மட்டுறுத்துநர்:

பன்றிக் கதைக்கும் சர்க்கரை நோய்க் கதைக்கும் ஆதாரம் எதுவும் கிடையாது. ஜெர்சி ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஒரு தீவின் பசு இனம். ஏ1, ஏ2 என்ற பால் புரத வகைகள் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. மீதியை அங்கே எழுதுங்கள்.

உம்பளம்:

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேய்ச்சல் என்றதும் எல்லோரும் பச்சைப் புல்வெளியை நினைக்கிறீர்கள். எங்களுக்கு மேய்ச்சல் என்பது அறுப்புக்குப் பிந்திய வயல். சம்பா அறுத்ததும் உம்பளச்சேரி மாடுகள் வயலில் இறங்கும். இரவில் கிடை போட்டால் நிலத்துக்கு எரு. மாட்டுக்காரனுக்குக் கூலி, நிலத்துக்காரனுக்கு உரம், மாட்டுக்குத் தாள். இப்போது அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிப் போட்டுவிடுகிறது. உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றி உங்கள் பக்கம்தான் அனுப்புகிறார்கள். எங்கள் மாட்டுக்குரிய வைக்கோல் கொங்கு நாட்டுக் கொட்டிலுக்குப் போகிறது என்ற வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

ஆனாலும் மேய்ச்சலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட மாட்டேன். ஈர வயலிலும் குளத்தங்கரையிலும் மேய்ந்தால் நத்தை வழியாகத் தட்டைப்புழு. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பைபோலத் தொங்கும். சாணம் தண்ணீராகப் போகும். ஆண்டில் இருமுறையாவது அதற்கென்று உள்ள குடற்புழு மருந்து கொடுத்தால்தான் மாடு தேறும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொட்டில் கட்டுகிறவர்கள் தும்பைச் சட்டென்று அவிழ்க்கும்படி முடிச்சுப் போடப் பழகுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில் எங்கள் பக்கத்தில் தகரக் கூரையின் கீழே கட்டிக் கிடந்த மாடுகளுக்கு என்ன ஆனது என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

தென்தீவுப் பால்காரன்:

நியூசிலாந்தில், கேன்டர்பரியில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பெருந்துறை. இங்கே நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு நான்கைந்து பேர்தான். மாடு பெரும்பாலும் வெளியில்தான் கிடக்கிறது. ரைகிராஸ் புல்லும் வெள்ளைக் குளோவரும் கலந்த வயலை மின்வேலியால் துண்டுகளாக்கி, கறந்து முடித்ததும் புதுத் துண்டுக்கு மாற்றுவோம். வசந்தத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகுதான் அதே துண்டுக்குத் திரும்புவது வழக்கம். புல் எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொரு வயலாகக் கருவி வைத்து அளப்போம். ஊரில் நினைப்பதுபோல ‘அவிழ்த்துவிட்டால் தானாக மேய்ந்துகொள்ளும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கன்றுகளெல்லாம் வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் பிறக்கும்படி சினைப்படுத்துவார்கள். புல் துளிர்க்கும் பருவமும் மாடு அதிகம் கறக்கும் பருவமும் ஒன்றாக விழும். குளிர்காலத்தில் பால் வற்றவிட்டுவிடுவார்கள். ஆண்டு முழுக்க ஒரே அளவு பால் வேண்டும் என்று கேட்கும் நம் ஊருக்கு இது பொருந்தாது. இங்கும் சண்டை உண்டு: மூத்திரத்திலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று ஒன்று, குளிர்காலச் சேற்றில் மாட்டை நிறுத்துகிறார்கள் என்று இன்னொன்று. ஐரோப்பாவில் நிலைமை வேறு. மாடுகள் கொட்டிலுக்குள் போய்விட்டன, மக்களுக்கு அது பிடிக்கவில்லை. நெதர்லாந்தில் ‘மேய்ச்சல் பால்’ என்று அட்டையில் போட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 120 நாளாவது, நாளுக்கு ஆறு மணி நேரமாவது மாடு வெளியே நிற்க வேண்டும். சுவீடனில் கோடையில் கறவை மாட்டை மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கொட்டில்காரி:

நல்ல செய்திதான், அண்ணா. அந்த அட்டைக்கு அங்கே கூடுதல் விலை உண்டு. இங்கே சொசைட்டியில் என் பாலையும் மூலனூர்த் தம்பியின் பாலையும் ஒரே கேனில்தான் ஊற்றுகிறார்கள். கொழுப்பு 4.3 சதவீதம், இதரச் சத்து 8.2 சதவீதம் இருந்தால் முழு விலை. 2023 டிசம்பரில் அறிவித்த மூன்று ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய் என்றார்கள். மேய்ந்த மாட்டின் பாலில் மஞ்சள் நிறமும் நல்ல கொழுப்பும் கூடுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பால்மானிக்கு அது தெரியாது. மாடு சந்தோஷமாக இருந்ததா என்று கேட்க அதற்கு வாயும் இல்லை.

இன்னொன்று. இந்த இழையில் எல்லோரும் ‘ஆள்’, ‘கூலி’ என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் சொந்த நிலமே இல்லாமல் இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம், வாய்க்கால் கரை, வரப்பு என்று மேய்த்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். கட்டி வளர்ப்பதுதான் விஞ்ஞானம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறவர்கள், அவர்கள் புல்லை எங்கே நடுவார்கள் என்றும் சொல்லட்டும்.

கிளுவைவேலி:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. 2022 மார்ச்சில் வனப்பகுதியில் எங்குமே மாடு மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் பர்கூர் மலையில் பட்டி வைத்திருப்பவர்கள் பட்ட பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த மலையின் செம்மரை மாட்டைக் கொட்டிலில் கட்டிக் கோ-4 போடச் சொன்னால் போடுவதற்கு அவர்களிடம் கொட்டிலும் இல்லை, கோ-4 நட நிலமும் இல்லை. மேய்ச்சல் போனால் அந்த இனமே போயிற்று. காங்கயமும் அப்படித்தான். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் கலந்த மயிலை நிறத்துக்கு மாறி, கொரங்காட்டுப் புல்லில் துள்ளி வளர்ந்தால்தான் அதற்குக் காலும் திமிலும் அமையும். தும்பிலேயே வளர்ந்த காங்கயம் கன்றைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். விலை பேசக் கையைத் துண்டுக்குள் விடும் முன்பே தரகன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கணக்கர்:

கூட்டத்தில் சொல்கிறவர்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மேய்ச்சல் நிலமே இல்லாத ஊரில் மேய்ச்சலைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவர்கள் சொல்வது அந்த ஊருக்கு. மூலனூரில் நிலம் இருக்கிறது, வேலி இருக்கிறது, புல் இருக்கிறது. இல்லாதது சாலையைக் கடக்கும் வழியும், கோடையில் பசுமையும் மட்டும். அந்த இரண்டையும் சரிசெய்யக் கடன் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்.

பத்து மாட்டுத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பத்து மாட்டுக்கு நாளுக்குக் கால் டன் புல். பத்து லிட்டர் மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோவும், பாலுக்கு நான்கு கிலோவும் என்று ஆறு கிலோ அடர்தீவனம். பத்துக்கு 60 கிலோ. மூட்டை தினமும் ஒன்றுக்கு மேல் பிரிக்க வேண்டும். தீவன விலை ஏறும்போது பால் விலை அதே வாரத்தில் ஏறாது. வங்கித் தவணையோ மாடு வற்றியிருக்கிறதா என்று கேட்காது.

மூலனூர்க்காரன்:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிளுவைவேலி ஐயா எழுதியதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

இப்போதைக்கு நினைத்திருப்பது: கொரங்காட்டைத் தொடுவதில்லை. கிணற்று நிலத்தில் 60 சென்ட் கோ-4, வரப்போரம் வேலிமசாலும் அகத்தியும். பால் தரும் ஜெர்சிகள் வீட்டில். காங்கயம், கிடாரி, வற்றிய மாடுகள் காட்டில். அவற்றைத் தினமும் சாலை தாண்டி ஓட்டிவராமல் அங்கேயே தொண்டுப்பட்டி என்னும் அடைப்பில் அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. காட்டில் பழைய கல்தொட்டி இருக்கிறது, தண்ணீர் மட்டும் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் ஜெர்சிகளையும் பகலில் காட்டுக்கு விடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. கொட்டிலுக்குக் கான்கிரீட் வேண்டாமென்றால் வேறு என்ன தளம், ஐயா?

வெண்மடி (கால்நடை மருத்துவர், பணி ஓய்வு):

தீவனத் தொட்டியை ஒட்டி, மாடு நிற்கும் இடத்தில் மட்டும் வரி போட்ட தளம் இருக்கட்டும். மற்றபடி கட்டவே வேண்டாம். வேலி கட்டி உள்ளே அவிழ்த்துவிடுங்கள். மாட்டுக்கு 3.5 சதுர மீட்டர் கூரை, 7 சதுர மீட்டர் திறந்தவெளி என்பது கணக்கு. ஐந்துக்கு 17.5 கூரை, 35 திறந்தவெளி. மண் தரையே போதும். மேடாக, தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும். ஒரு மரம் நின்றால் வெட்டிவிடாதீர்கள். தகரம்தான் போடுவீர்களென்றால் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். தண்ணீர்த் தொட்டி இராப்பகல் நிறைந்திருக்கட்டும். வேளைக்கு ஒரு வாளி காட்டுவது கறவை மாட்டுக்குப் போதாது. இப்படி விட்டால் பருவத்துக்கு வந்த மாடு தெரியும், குளம்பும் தேயும். பழைய தீனியிலிருந்து புதுத் தீனிக்கு இரண்டு, மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். இரைப்பை நுண்ணுயிரிகள் ஒரே நாளில் பழகாது. பொங்கலன்று பானைப் பொங்கலை அன்போடு ஊட்டிவிட்டு மறுநாள் வயிறு கட்டிக்கொண்டது என்று ஓடிவருவதும் இதே கதைதான்.

மழைக்காலத்தில் ஜெர்சிகளைக் காலையிலும் சாயங்காலமும் விடுங்கள். இளம்புல் கிடைக்கும் காலத்தில் ஏன் மூட்டையைப் பிரிக்கிறீர்கள்?

புதுவரவு23:

இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தென்னைக்கு இடையில் கோ-4 வருமா? கரணை எங்கே கிடைக்கும்?

கொட்டில்காரி:

நல்ல வெயில் விழும் இடைவெளியில் வரும். அடர்ந்த நிழலில் சோடைதான். மரத்தடியை விட்டுத் தள்ளி நடுங்கள். கரணை உங்கள் ஊர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் ஏற்கெனவே நட்டவர்களிடம் வாங்குங்கள், யாரும் இல்லை என்று சொல்வதில்லை. இரண்டு கணு உள்ளதாக வெட்டி, இரண்டடிக்குள் இடைவெளி விட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். மூலனூர்த் தம்பிக்கு 60 சென்டுக்கு எட்டாயிரம் கரணை பிடிக்கும். வண்டி கொண்டுவந்தால் எங்கள் காட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம், வெட்டுக்கூலி உங்களுடையது. முழுக்கைச் சட்டை கொண்டுவாருங்கள்.